துரத்துவதெல்லாம் சண்டையல்ல
அலங்கார மீன் வியாபாரிகள் கவனத்திற்கு

அலங்கார மீன் வியாபாரம் செய்யும் எவருக்கும் இந்த முறைப்பாடு புதிதல்ல. சனிக்கிழமை வாங்கிச் சென்ற மீனைத் திங்கட்கிழமை அதே பொலித்தீன் பையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். "நானா, இது மற்றதைக் கலைச்சுக் கலைச்சுக் கடிக்குது, மாத்தித் தாங்கோ" என்பார்கள். நாமும் வாடிக்கையாளர் மனம் கோணக்கூடாதென்று மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். மாற்றிக் கொடுத்தது ஒருவேளை முட்டையிட ஆயத்தமாக இருந்த ஒரு நல்ல ஜோடியின் பாதியாக இருக்கலாம் என்பதை யோசிப்பவர்கள் குறைவு.

இதற்கு நேர்மாறான முறைப்பாடும் உண்டு. "இரண்டும் நல்ல ஒற்றுமை, ஒன்றின் பின்னால் ஒன்று போகுது, குஞ்சு போடும் போலிருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் பெண் மீன் வால் கிழிந்து செத்து மிதக்கிறது என்று வருவார். இரண்டிலும் நட்டம் ஒன்றுதான். காதலையும் சண்டையையும் பிரித்தறியத் தெரியாததுதான் காரணம்.

நான் உடுவிலில், மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு சிறிய கடையும், வீட்டு வளவில் சில சீமெந்துத் தொட்டிகளுமாக இத்தொழிலைச் செய்து வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான் வருகிறது. ஒக்சிஜன் அடைத்த பைகளில் இரவு முழுக்கப் பயணம் செய்து வரும். வழியில் சாவது ஒரு பங்கு, வந்து தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சாவது இன்னொரு பங்கு. நமது பகுதி சுண்ணக்கற் பூமி. கிணற்று நீர் வன்னீர். மென்னீரில் வளர்ந்த மீன் இந்த நீருக்குப் பழகச் சில நாட்கள் எடுக்கும். அதே நேரம் கப்பி, மொலி, மலாவி ஏரிச் சிக்லிட் ஆகியவற்றுக்கு இந்த வன்னீர் மிகவும் பிடிக்கும். எனவே இங்கேயே குஞ்சு எடுத்து விற்பவருக்குப் போக்குவரத்துச் செலவும் மிச்சம், சாவும் குறைவு. ஆனால் குஞ்சு எடுக்க முதலில் ஜோடி வேண்டும். ஜோடியை அறிய, தொட்டிக்குள் நடப்பது என்னவென்று பார்க்கும் கண் வேண்டும்.

ஏன் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன?

இதற்கு விடை சொன்னவர் நிக்கோ டின்பெர்கன் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி. 1973ஆம் ஆண்டு கொன்ராட் லோரன்ஸ், கார்ல் வொன் பிறிஷ் ஆகிய இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர். ஐரோப்பிய ஓடைகளில் வாழும், முதுகில் மூன்று முள் கொண்ட ஒரு சிறிய மீனை அவர் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் மீனுக்கு வயிற்றுப்புறம் சிவக்கும். அது தனக்கென ஓர் எல்லையைப் பிடித்துக் கூடு கட்டும். அந்த எல்லைக்குள் வேறொரு சிவந்த வயிறு வந்தால் பாய்ந்து தாக்கும். மீன் போலச் சரியாகச் செய்த பொம்மையைச் சிவப்பில்லாமல் காட்டினால் பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஏதோ ஒரு கட்டையின் அடிப்பக்கம் சிவப்புப் பூசிக் காட்டினால் சீறிக்கொண்டு வரும். ஜன்னலுக்கு வெளியே தெருவில் சிவப்பு நிறத் தபால் வண்டி போனபோதுகூட, தொட்டியிலிருந்த ஆண் மீன்கள் கண்ணாடியோடு மோதிக்கொண்டு அதைத் தாக்கப் போயினவாம்.

வயிறு பருத்த பெண் மீன் வந்தால் அதே ஆண் வளைந்து வளைந்து ஓர் ஆட்டம் போடும். பெண்ணை நோக்கி ஒரு பாய்ச்சல், உடனே கூட்டை நோக்கி ஒரு திருப்பம். முன்னால் பாய்வது தாக்குதலின் மிச்சம், திரும்பிப் போவது கூட்டுக்கு அழைப்பு என்று டின்பெர்கன் விளக்கினார். அதாவது எல்லை பிடித்த ஆண் மீனுக்கு உள்ளே வருபவர் யாரானாலும் முதலில் எதிரிதான். வந்தவர் ஓடாமலும் திருப்பித் தாக்காமலும் நின்றால்தான் அது விருந்தாளியாகிறது. எனவே அநேக மீன்களில் காதலின் முதல் சில நிமிடங்கள் சண்டை போலத்தான் இருக்கும். அந்தச் சில நிமிடங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்தான் ஏமாறுகிறார்.

துரத்தப்படும் மீனைப் பாருங்கள்

எல்லோரும் துரத்தும் மீனையே பார்க்கிறார்கள். அது இரண்டு வேளையிலும் செட்டையை விரிக்கும், நிறம் ஏறும், பாயும். அதிலிருந்து அதிகம் தெரியாது. துரத்தப்படும் மீன்தான் உண்மையைச் சொல்லும்.

காதலென்றால் துரத்தப்படும் மீன் திரும்பி வரும். சற்று விலகும், பிறகு தானாகவே ஆணின் பக்கம் போகும். அதன் செட்டைகள் திறந்திருக்கும், நிறம் தெளிவாக இருக்கும், தீன் போட்டால் வந்து தின்னும். சண்டையென்றால் தோற்றது திரும்பி வராது. செட்டைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், நிறம் வெளிறும் அல்லது கறுத்துப்போகும். பில்டருக்குப் பின்னாலோ மேல்மட்டத்தில் ஒரு மூலையிலோ சாய்ந்து நிற்கும். தீன் போட்டாலும் வராது. வால் ஓரம் கிழிந்து, பக்கத்தில் செதில் உதிர்ந்திருந்தால் பிறகு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு அடையாளம், துரத்தல் எங்கே போய் முடிகிறது என்பது. காதல் துரத்தல் ஒரு இடத்தில் முடியும். கல், இலை, மண்சட்டி, நுரைக்கூடு என்று ஏதோ ஒன்றுக்கு ஆண் திரும்பத் திரும்பப் போய்வரும். சண்டைத் துரத்தலுக்கு முடிவிடம் கிடையாது. தொட்டி முழுக்கச் சுற்றும். பக்கவாட்டில் நின்று உடல் நடுங்குவது பெரும்பாலும் அழைப்பு. முகத்துக்கு முகம் நின்று செவுள் மூடியை விரிப்பது பெரும்பாலும் மிரட்டல். பெரும்பாலும் என்று நான் சொல்வதைக் கவனிக்கவும், ஏனென்றால் பைட்டர் மீன் இந்த விதிக்குக் கட்டுப்படாது.

பைட்டர்

தாய்லாந்திலிருந்து உலகெங்கும் போன இந்த மீனை விற்காத கடை இல்லை. ஆண் பைட்டர் இன்னொரு ஆணைக் கண்டாலும் செவுளை விரிக்கும், பெண்ணைக் கண்டாலும் முதலில் அதையேதான் செய்யும். ஆணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. பெண்ணின் உடம்பைப் பார்க்க வேண்டும். ஆயத்தமான பெண்ணின் உடலில் மேலிருந்து கீழாக வெளிறிய கோடுகள் தோன்றும், வயிறு பருத்திருக்கும், அடியில் வெள்ளையாக ஒரு சிறு முனை தள்ளிக்கொண்டிருக்கும். தலையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு ஆணின் பக்கம் போகும். உடம்பு நீளவாக்கில் கோடு விழுந்திருந்தால் அது பயம். அந்தப் பெண்ணை அன்றைக்கு உள்ளே விடக்கூடாது.

நான் செய்வது இதுதான். ஆண் இருக்கும் தொட்டியில் பெண்ணை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் வைத்து ஓரிரு நாள் விடுவேன். ஆண் நீர்மட்டத்தில் நுரைக்கூடு கட்டி, பெண்ணிடம் குறுக்குக் கோடு தெரிந்த பிறகுதான் திறந்து விடுவது. அதன் பிறகும் கொஞ்சம் கடிபடும், அதற்குப் பதறத் தேவையில்லை. பெண் ஒளிய ஒரு செடிக்கொத்தாவது இருக்க வேண்டும். கூட்டின் கீழ் ஆண் பெண்ணை வளைத்துச் சுற்றிப் பிடிக்கும், முட்டைகள் கீழே விழும், ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். முட்டையிட்டு முடிந்த அந்த நேரத்திலிருந்து ஆண் துரத்துவது உண்மையான துரத்தல். இப்போது பெண் அவனுக்கு முட்டைத் திருடி. உடனே எடுத்துவிடுங்கள். முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். அதன்பின் ஓரிரு நாளில் குஞ்சுகள் கிடையாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடலாம்.

இங்கே ஒரு விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண் பைட்டர்களை ஒரு போத்தலில் விட்டுப் பந்தயம் பிடிக்கும் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். "நல்லாச் சண்டை பிடிக்கிறதாத் தாங்கோ" என்று கேட்டு வருபவருக்கு நான் விற்பதில்லை. சூதாட்டம், அதற்கு மேல் ஒரு உயிரை வதைப்பது, இரண்டிலும் நமது காசு கலக்க வேண்டாம்.

கோல்ட் பிஷ்சும் வெள்ளைப்புள்ளி மருந்தும்

கோல்ட் பிஷ் சண்டைக்கார மீனே அல்ல. இரண்டு மூன்று மீன் ஒன்றைத் துரத்தி, வயிற்றின் பின்புறம் முகத்தால் முட்டினால் அது அநேகமாக இனப்பெருக்கம்தான். துரத்துபவை ஆண்கள், ஓடுவது பெண். அதிகாலையில் இது அதிகம். இந்தக் காலத்தில் ஆணின் செவுள் மூடியிலும் முன்பக்கச் செட்டையின் முதல் முள்ளிலும் வெள்ளை வெள்ளையாகச் சிறு பருக்கள் தோன்றும்.

வாடிக்கையாளர் இதைப் பார்த்து வெள்ளைப்புள்ளி நோய் என்று ஓடி வருவார். கடைக்காரர் நீல மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டுவார். போத்தல் விற்ற இலாபம் கிடைக்கும், ஆனால் நோயில்லாத மீனுக்கு மருந்து ஊற்றித் தொட்டியின் பில்டரும் கெட்டு, அந்த வாடிக்கையாளர் மீன் வளர்ப்பதையே விட்டுவிடுவார். வித்தியாசம் இலேசானது. நோயின் புள்ளி உடம்பு, வால் என்று ஒழுங்கில்லாமல் எங்கும் இருக்கும், மீன் கல்லில் உராயும். ஆண்மைப் பரு செவுள் மூடியிலும் முன்செட்டையிலும் மட்டும் வரிசையாக இருக்கும், மீன் சுறுசுறுப்பாக இருக்கும். பெண் களைத்துப் போனால் ஓரிரு நாள் பிரித்து வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். மருந்து விற்காமல் அனுப்பிய கடையை அவர் மறக்கமாட்டார்.

வாயோடு வாய்

கிஸ்ஸிங் கௌராமியை முத்தமிடும் மீன் என்று சொல்லித்தான் எல்லோரும் விற்கிறோம். புதுமணத் தம்பதிக்கு அன்பளிப்பாக வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அவை உதட்டோடு உதடு வைத்துத் தள்ளுவது பெரும்பாலும் பலப்பரீட்சை, யார் பெரியவர் என்று பார்ப்பது. பெரிய காயம் வராது என்பதால் பிரச்சினை இல்லை. ஆனாலும் சிறு தொட்டியில் தோற்றதற்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் அது தீன் தின்னாமல் மெலியும்.

ஏஞ்சல் மீனில் கதை வேறு. இங்கே வாய்பிடி சண்டையிலும் உண்டு, ஜோடி சேரும்போதும் உண்டு. இரண்டும் வாயைப் பிடித்து இழுத்துவிட்டு, விட்டபின் சேர்ந்தே ஒரு இலையையோ சிலேட்டுத் துண்டையோ கொத்திச் சுத்தம் செய்யப் போனால் அது ஜோடி. விட்டபின் ஒன்று ஓட, மற்றது பின்தொடர்ந்து கொத்தினால் சண்டை. இன்னொரு நல்ல அறிகுறி, தொட்டியிலுள்ள மற்ற எல்லா மீனும் ஒரு மூலையில் ஒடுங்கி நிற்க, இரண்டு மட்டும் எதிர் மூலையைப் பிடித்திருப்பது. கடையில் இதைக் கண்டால் ஒடுங்கியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அந்த இரண்டைத் தொட வேண்டாம். சிலர் "முரட்டு மீன்" என்று அந்த இரண்டையும் பிடித்துத் தனித்தனியே விற்றுவிடுகிறார்கள்.

நிச்சயப்பட்ட ஜோடியின் விலை இரண்டு தனி மீன்களின் விலையைவிட எப்போதும் அதிகம். அதனாலேயே இதில் ஏமாற்றும் அதிகம். எனக்கு ஒருமுறை வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் "முட்டையிட்ட ஜோடி" என்று அனுப்பியது இரண்டும் பெண். இரண்டு பெண் ஏஞ்சல்கள் ஜோடி போலவே பழகி, முட்டையும் இடும். முட்டை எல்லாம் வெள்ளையாகிப் பழுதாகிவிடும். முட்டையிடும் நேரத்தில் வெளித்தள்ளும் குழாயைப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். ஆணுக்கு அது மெல்லியதாகக் கூராக இருக்கும், பெண்ணுக்கு அகலமாக மொட்டையாக இருக்கும். ஜோடி என்று எழுதி விற்பதானால் குஞ்சு பொரித்ததைக் கண்ட பிறகு எழுதுங்கள். குறையை மறைத்து விற்கக்கூடாதென்ற விதி மாட்டுக்கும் நெல்லுக்கும் மட்டும் உரியதல்ல. ஜோடியை நீங்களே உண்டாக்க விரும்பினால் ஆறு குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, தாமாகச் சேரும்வரை காத்திருப்பதுதான் வழி.

முதல் தடவை முட்டையிட்ட ஏஞ்சல்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடுவது சாதாரணம். அதன்பின் ஒன்றையொன்று சீண்டிக்கொள்வதும் உண்டு. உடனே பிரிக்காமல் சில தடவை பொறுத்துப் பாருங்கள்.

கப்பியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆண் உடம்பை வளைத்து நடுங்குவது காதல், கடிப்பது கிடையாது. ஆனால் ஒரு பெண்ணோடு இரண்டு மூன்று ஆண்களை விட்டால் ஓயாத தொல்லையால் பெண் செத்துப்போகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று கொடுங்கள். பிளவர் ஹோர்ன் இதற்கு எதிர்ப்புறம். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட இந்த மீனின் ஆண், விருப்பமில்லாத பெண்ணை ஒரே இரவில் கொன்றுவிடும். இதில் அடையாளம் பார்த்துக்கொண்டிருப்பதை விட, நடுவே துளையுள்ள தடுப்பொன்றைப் போட்டுவிட்டு, தடுப்பின் அந்தப் பக்கம் பெண் தானாக வந்து ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

நமது நாட்டு மீன்கள்

இலங்கையின் தென்மேற்கு ஈரவலய ஓடைகளுக்கே உரிய ஒரு சிறு மீனைச் சிங்களத்தில் புலத் ஹபயா என்பார்கள், வெற்றிலை தின்னி என்று அர்த்தம். ஆணின் தலை வெற்றிலை போட்ட வாய் போலச் சிவக்கும், பின்னுடல் கறுக்கும். இரண்டு ஆண்கள் செட்டையை விரித்து ஒன்றையொன்று பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி வரும். பார்ப்பவர் ஆணும் பெண்ணும் ஆடுகின்றன என்றே நினைப்பார். இரண்டும் நிறம் ஏறியிருந்தால் இரண்டும் ஆண். வெறும் வீரம் காட்டல், காயம் வருவது அரிது.

கரிமீன் என்று கேரளத்தார் கொண்டாடும் மீனை நமது கடல்நீரேரிப் பக்கத்தார் நன்கு அறிவர். கேரள அரசு 2010இல் அதை மாநில மீனாகவே அறிவித்தது. சிங்களத்தில் கோரலியா. அதன் சிறிய உறவான செம்மஞ்சள் நிறக் கோரலியாவும் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு, மீன் தொட்டிக்கு உகந்தது, வன்னீரையும் சற்று உப்புச் சேர்ந்த நீரையும் தாங்கும். உலகின் அலங்கார மீன் கடைகளில் இந்தச் சிறியது பல காலமாக விலை போகிறது. நமது குடாநாட்டு நீருக்கு இதைவிடப் பொருத்தமான சிக்லிட் இல்லை என்பது எனது அபிப்பிராயம்.

இந்த இரண்டு மீனையும் 1970களில் ஜாக் வார்ட், ரிச்சர்ட் வைமன் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கையிலேயே நீருக்குள் இருக்கும்போது கவனித்து எழுதினார்கள். அவர்கள் கண்டது வியாபாரிக்குப் பெரிய பாடம். சிறிய செம்மஞ்சள் மீன் பெரிய கோரலியாவின் உடம்பையும் செட்டையையும் கொத்தும். பெரியது ஓடாது, அசையாமல் நின்று கொடுக்கும். இது சண்டையுமல்ல, காதலுமல்ல. உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைச் சிறியது பொறுக்கித் தின்கிறது. ஆனால் பெரிய கோரலியா முட்டையிட்டுக் காவல் நிற்கும்போது அதே சிறியது முட்டையையும் குஞ்சையும் திருட வரும், அப்போது விழும் அடி உண்மையான அடி. ஒரே இரண்டு மீன்கள், ஒரு வேளை வைத்தியரும் நோயாளியும், மறுவேளை திருடனும் காவலாளியும்.

இதோடு இன்னொன்று. வார்டும் ஜோர்ஜ் பார்லோவும் 1967இல் எழுதியபடி, செம்மஞ்சள் கோரலியாவின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் மோதி மோதிக் கொத்தும். பெற்றோரின் தோலில் ஊறும் கோழையும் அவற்றுக்கு ஒரு தீன். இதைத் தெரியாதவர், குஞ்சுகள் தாயைத் தின்கின்றன என்று பிரித்துவிட்டால் அந்தத் தீன் குஞ்சுகளுக்குக் கிடைக்காமல் போகும். இந்த ஜோடி இரண்டும் சேர்ந்தே குஞ்சைக் காக்கும், ஆணை எடுக்க வேண்டியதில்லை. பைட்டரில் செய்ததை இங்கே செய்தால் நட்டம்.

கடையில் செய்யக்கூடியவை

மீனைத் திருப்பிக் கொண்டு வருபவரிடம் மாற்றிக் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்கிறேன். கடிபட்ட மீன் தீன் தின்கிறதா, அதன் வால் முழுதாக இருக்கிறதா, துரத்தும் மீன் ஏதாவதொரு இடத்தைச் சுத்தம் செய்கிறதா. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தாலே பாதிப் பேர் மீனைத் திரும்பக் கொண்டு போய்விடுகிறார்கள், சிலர் ஒரு சிலேட்டுத் துண்டோ மண்சட்டியோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். இப்போது கைத்தொலைபேசியில் ஒரு சிறு வீடியோ எடுத்து வரச் சொன்னால் வேலை இன்னும் இலகு. மீனைப் பையில் போட்டு அலைக்கழிக்கத் தேவையில்லை.

உண்மையான சண்டை என்றால், முரடனை எடுத்து இரண்டு மூன்று நாள் வேறு தொட்டியில் வைத்து, அதற்கிடையில் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அதன் பழைய எல்லை அங்கே இருக்காது, மற்றவற்றோடு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். மலாவி மீன்களுக்குத் தொட்டியை வெறுமையாக விடுவதைவிடச் சற்று நெருக்கமாக வைப்பது நல்லது, ஒரே மீன்மேல் எல்லா அடியும் விழாது. நெருக்கமாக வைத்தால் பில்டரும் பெரிதாக வேண்டும், தண்ணீரும் அடிக்கடி மாற்ற வேண்டும். டைகர் பார்ப் போன்ற கூட்ட மீன்களை இரண்டு மூன்றாக விற்காதீர்கள். ஆறு, எட்டு என்று வாங்கினால் தங்களுக்குள்ளேயே சீண்டிக்கொண்டு மற்ற மீனின் வாலை விட்டுவிடும். எண்ணிக்கை கூட விற்கிறது என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை, ஆனால் கூட விற்கத்தான் செய்கிறது.

புதிய மீனைப் பகலில் விடுவதைவிட, தொட்டி விளக்கை அணைத்துவிட்டு மாலையில், பழைய மீன்களுக்குத் தீன் போட்ட பிறகு விடச் சொல்லுங்கள். முதல் இரவு சண்டையில்லாமல் கழிந்துவிட்டால் பையோடு திரும்பி வருபவர் தொகை பாதியாகக் குறையும் என்பது எனது கடை அனுபவம்.